மஞ்சள் துணி கட்டிய வண்டி

வத்தலக்குண்டில் காபி குடித்துவிட்டு ஐந்து கார்களும் புறப்படத் தயாரானபோது பகல் ஒன்றரை மணி. 1964, பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. சந்தைக்கு வந்த சனமெல்லாம் கார்களைச் சுற்றி நின்று, கூரையில்லாத வண்டியில் மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தது.

கிளப் செயலாளர் யாகூப், தோல் வியாபாரி வீட்டுப் பிள்ளை, தன் தொப்பிக்குள் ஐந்து காகிதச் சுருளைப் போட்டுக் குலுக்கினான். மற்றவர்கள் எடுத்தது போக மிச்சமிருந்த ஒன்று குமாரவேலுக்கு. பிரித்துப் பார்த்தான். ஐந்து.

"ஏலே குமாரு, மறுபடியும் நீதான் கடைசி வண்டியா?" என்று யாகூப் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு முழ மஞ்சள் துணியை எடுத்து, குமாரவேலின் சிவப்பு எம்.ஜி. காரின் பின் பம்பரில் இறுக்கிக் கட்டினான். "போன தடவை மாதிரி இதையும் தொலைச்சிராத. ராத்திரி விருந்துல உன்னைத்தான் தலைவராச் சொல்லப் போறோம். தலைவர் துணியைத் தொலைச்சா நல்லாவா இருக்கும்?"

குமாரவேலும் சிரித்து வைத்தான். திண்டுக்கல் புகையிலை மண்டிக்காரர் மகனுக்குச் சிரிப்பதற்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன. ஆனால் அந்தத் துணியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன தடவை என்று யாகூப் சொன்னது ஏழு வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது இது வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற பயணம் அல்ல, பந்தயம். பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டியாக அடிவாரத்தில் கிளப்பிவிடுவார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் யாகூப் கையில் கடிகாரத்தோடு நிற்பான். பாதையில் ரொம்ப மோசமான திருப்பம் ஆனைக்கல் வளைவு. எதிரே பஸ் வந்தாலும் தெரியாது, லாரி வந்தாலும் தெரியாது. அதனால் ரோட்டு வேலை பார்க்கும் மலைச்சாமி என்பவனை அங்கே நிறுத்தி, கையில் இரண்டு கொடி கொடுத்திருந்தார்கள். பச்சை காட்டினால் போகலாம், சிவப்பு காட்டினால் நிற்க வேண்டும்.

கடைசி வண்டிக்கு மட்டும் மஞ்சள் துணி. அந்த வண்டிக்காரனுக்குப் பந்தயம் கிடையாது. வளைவில் நிறுத்தி மலைச்சாமியை ஏற்றிக்கொண்டு, மேலே அவன் ஊரில் இறக்கிவிட்டு வர வேண்டும். அதுதான் கிளப்பின் வழக்கம். இப்போது கொடிக்காரன் கிடையாது, துணி மட்டும் மிச்சம்.

அன்றைக்குக் காலையில் மலைச்சாமியைக் கொண்டுபோய் அந்த வளைவில் நிறுத்தியதே குமாரவேல்தான். "மஞ்சத்துணி கட்டின வண்டி வர்ற வரைக்கும் இந்த எடத்தை விட்டு அசையக் கூடாது. நீ நடுவுல போனா யாராச்சும் சாவாங்க, தெரியுமா?" என்று சொன்னதும் அவன்தான்.

"அசைய மாட்டேங்க" என்றான் மலைச்சாமி. அவனுக்கு அன்று லேசாகக் காய்ச்சல் இருந்தது. கம்பளியைக் காதுவரை இழுத்துப் போர்த்தியிருந்தான்.

அப்புறம் மத்தியானம் சீட்டுக் குலுக்கியதில் மஞ்சள் துணி குமாரவேலுக்கு விழுந்தது. எஸ்டேட்காரர் ஒருவரின் புது ஜாகுவாரை முந்திக் காட்டுவதாக அவன் திண்டுக்கல் முழுக்கச் சவால் விட்டிருந்தான். மலை ஏற ஏற அவனுக்கு வயிறு எரிந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்தினான். துணியை அவிழ்த்துச் சுருட்டித் தன் சீட்டுக்கு அடியில் திணித்தான். துணி எங்கோ விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், மலைச்சாமி பஸ் பிடித்துப் போய்விடுவான் என்று கணக்குப் போட்டான்.

ஆனைக்கல் வளைவில் பச்சைக் கொடி ஆடியது. குமாரவேல் நிறுத்தவில்லை. கண்ணாடியில் ஒரு கணம் பார்த்தான். மலைச்சாமி வண்டியின் பின்பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். துணி இல்லை. இன்னும் ஒரு வண்டி வர வேண்டும் என்று நினைத்தவன் போலக் கீழ்ப்பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மழை பிடித்தது. விடிகிறவரை விடவில்லை.

மறுநாள் முதல் பஸ்காரன்தான் பார்த்தான். கட்டைச் சுவரில் உட்கார்ந்தபடியே விறைத்துக் கிடந்தான் மலைச்சாமி. பச்சைக் கொடி கையிலேயே இருந்தது. ஊர்க்காரர்கள் வந்து கேட்டபோது குமாரவேல் சொன்ன வார்த்தை இது: "நான் நிறுத்தி ஏறச் சொன்னேன். சாராயம் போட்டிருந்தான். ஏற மாட்டேன்னுட்டான்." மதுவிலக்கு இருந்த காலம். திருட்டுச் சாராயம் குடித்துச் செத்தவன் என்று ஊர் காறித் துப்பியது. பாடை தூக்கக்கூட நாலு பேர் சரியாக வரவில்லை என்று பிற்பாடு காதில் விழுந்தது. வாயைத் திறக்க ஒரு நிமிஷம் போதும். குமாரவேல் திறக்கவில்லை. அதற்கப்புறம் இந்த மலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது ஏழு வருஷம் கழித்து, அதே வண்டி, அதே பாதை.

டம்டம் பாறை தாண்டும்வரை வெயில் கூடவே வந்தது. ஊத்து கிராமத்துக்கு மேலே ஏறியதும் மூட்டம் இறங்கியது. முன்னால் போன வண்டிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாகக் குறைந்து, அப்புறம் சுத்தமாக நின்றுபோனது. ஈரத் தைலமரத்து இலை வாசனை மூக்கில் ஏறியது. பாதையோரத்து வெள்ளைக் கற்கள் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மணி மூன்றுகூட ஆகவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டான். விளக்கு வெளிச்சம் மூட்டத்தில் பட்டு அவன் முகத்துக்கே திரும்பி வந்தது.

எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். அதோடு இன்னொரு சத்தம், ஈரத் துணியை உதறுகிற மாதிரி.

படக். படக்.

ஆனைக்கல் வளைவு.

கட்டைச் சுவரின் மேல் பச்சையாக ஏதோ அசைந்தது.

மரக்கிளை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் குமாரவேல். கிளைக்குக் கை இருக்காது. இதற்கு இருந்தது. கம்பளியைக் காதுவரை இழுத்துப் போர்த்திய ஆள், கொடியை நிதானமாக, சொல்லிக்கொடுத்தபடியே, மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தான்.

குமாரவேல் மிதித்தான். வண்டி வளைவைச் சீறிக் கடந்தது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். பார்த்தான்.

அந்த உருவம் வண்டியின் பின்பக்கத்தையே உற்றுப் பார்த்தது. அப்புறம் கீழ்ப்பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றது.

துணிதான் கட்டியிருக்கிறதே, இன்னும் ஏன் நிற்கிறான்?

நூறு கஜம் போய் வண்டியை நிறுத்தினான். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். யாகூப் இறுக்கிக் கட்டிய துணி பம்பரில் இல்லை. முடிச்சு இருந்த இடத்தில் ஒரு நூல்கூட இல்லை.

அவனுக்கு என்னவோ தோன்றி, தன் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். ஏழு வருஷமாக அந்தப் பழைய துணியை எடுத்து எறியவும் அவனுக்குத் துணிவு வந்ததில்லை, வெளியே எடுத்துப் பார்க்கவும் மனசு வந்ததில்லை. காய்ந்து மொரமொரவென்று கிடக்க வேண்டிய துணி.

பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற ஈரத்தில் இருந்தது.

அதையே பம்பரில் கட்டப் பார்த்தான். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை கட்டி முடித்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். நின்று நின்று கால் மரத்துப் போனவன் நடக்கிற நடை.

அவன் நிமிரவில்லை.

"கடைசி வண்டிங்களா?"

கிசுகிசுப்புத்தான். ஆனால் காதுக்குப் பக்கத்தில்.

"ஆமா" என்றான் குமாரவேல். குரல் அவனுடையதாகவே இல்லை.

"அப்ப ஏறிக்கிறேங்க."

இடது கதவு திறந்து மூடியது. தோல் சீட்டு ஓர் ஆள் பாரத்துக்கு அமுங்கியது. சீட்டில் யாரும் இல்லை. நனைந்த கம்பளி வாசனையும் பீடி வாசனையும் வந்தன. சாராய வாசனை மட்டும் இல்லை. தன்னைப்போல ஒரு பாவி இந்த மலையில் ஏறியிருக்க மாட்டான் என்று குமாரவேலுக்குத் தோன்றியது.

வண்டியை எடுத்தான். வேறு என்ன செய்ய முடியும்?

இரண்டு மைல் போயிருப்பான். அப்புறம் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு.

"ரொம்ப நேரமாயிருச்சுங்க. வீட்ல தேடுவாக."

பெருமாள்மலைக்கு இந்தப் பக்கம், பாதையோரமாக இருபது வீடு உள்ள சிற்றூர் அது. முதல் வீட்டு வாசலில் கூடையில் ஆரஞ்சு குவித்து வைத்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மலைச்சாமி மனைவி வீரம்மாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு தடவை பார்த்த முகம். மறக்குமா?

குமாரவேல் வண்டியை நிறுத்தினான். இறங்கிப் போய் அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். துணியை அவிழ்த்தது, நிற்காமல் போனது, சாராயம் என்று புளுகியது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவள் அழவில்லை. அடுக்கின ஆரஞ்சையே மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீக?" என்றாள் கடைசியில். "அவரு குடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? ஏழு வருசமா தெரியும்."

"என்னை மன்னிச்சிரு, வீரம்மா."

"அது கெடக்கட்டும்." அவள் எழுந்து வண்டியைப் பார்த்தாள். இடது சீட்டையே வெகுநேரம் பார்த்தாள். அவள் கை தானாக முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டது. "எறங்கச் சொல்லிப் பாருங்க" என்றாள் மெதுவாக.

குமாரவேல் போய் இடது கதவைத் திறந்து பிடித்தான். "ஊரு வந்துருச்சு, மலைச்சாமி."

சீட்டு அமுங்கியபடியே இருந்தது.

"எறங்க மாட்டாரு" என்றாள் வீரம்மாள். "குடிகாரன்னு பேசுற ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட எறங்குவாரு? நீங்க ஊரு முன்னாடி சொன்னீக. ஒங்க சோட்டாளுக, அந்தக் காருக்காரக முன்னாடி சொன்னீக. மொதல்ல அவுக கிட்டச் சொல்லுங்க. அப்புறம் இங்க வந்து சாவடியில நின்னு சொல்லுங்க. பொறவு அவரே எறங்கிருவாரு. சோறு ஆக்கி வைக்கிறேன்."

"இன்னைக்கே சொல்லிருறேன்" என்றான் குமாரவேல். அந்த நேரத்தில் அவன் அதை மனசாரத்தான் சொன்னான்.

ஏரிக்கரை பங்களா வாசலில் நாலு கார்களும் வரிசையாக நின்றன. உள்ளே கணப்பு எரிந்தது. எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள். மேசையில் ரோஜா மாலை ஒன்று தயாராக இருந்தது. புதுத் தலைவருக்காம்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று யாகூப் ஓடி வந்தான்.

குமாரவேல் வாயைத் திறந்தான். கணப்பு வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு முகங்கள், சிரித்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டு. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"வழியெல்லாம் மூட்டம்" என்றான்.

யாகூப் மாலையைப் போட்டான். கைதட்டல் அடங்கியதும் வெளியே போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "துணி பத்திரமா இருக்கு. ஆனா அது என்னடா, இடது பக்க சீட்டு மட்டும் தொப்பலா நனைஞ்சு கெடக்கு?"

"மழை."

"இன்னைக்கு மழையே பெய்யலையே."

குமாரவேல் கணப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான். வீரம்மாள் அன்று சோறு ஆக்கி வைத்தாளா, எத்தனை நாள் வைத்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. கீழே இறங்கும்போது அந்தச் சிற்றூரைத் தொடாமல் பழனி வழியாகச் சுற்றிக்கொண்டு போனான்.

மதுரையில் சீட்டின் தோலை இரண்டு தடவை மாற்றினார்கள். அடியில் உள்ள பஞ்சைப் புதிதாகத் திணித்தார்கள். சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்தார்கள். வலது சீட்டு சுடுகிறபோதும் இடது சீட்டு ஈரமாகவே இருந்தது. வண்டியை விற்கவும் பார்த்தான். வாங்க வந்த ஆள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, முகம் வெளுத்துப் போய், சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான்.

இப்போதும் மாதம் ஒரு தடவை அவனே அதைக் கிளப்பி ஓட்டுகிறான். ஓட்டாமல் விட்டால் ஷெட்டுக்குள்ளிருந்து கொடி உதறுகிற சத்தம் வீடுவரைக்கும் கேட்கிறது. சாவியைத் திருப்பி எஞ்சின் உறுமியதும் நனைந்த கம்பளி வாசனை வரும். அப்புறம் பக்கத்திலிருந்து, கோபமே இல்லாத, மரியாதையான அந்தக் குரல்.

"ஊரு வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்ல, மலைச்சாமி" என்பான் குமாரவேல்.