எட்டு விநாடிப் பல்லி

போன் அடித்தது.

காதுக்காரி எடுத்தாள். ஒலிப்பதிவுகளை அலசிப் போலீசுக்கு அறிக்கை தருவது அவள் தொழில். பட்டப்பெயர் வைத்ததும் போலீஸ்காரர்கள்தான்.

"நாலு மணிக்கு பாடியைக் கொடுத்தாகணும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள கொலையா இல்லையான்னு தெரியணும்."

"மணி இப்பவே பன்னிரண்டு சார்."

"அதான் கூப்பிடறேன். பெரியவருக்கு எழுபத்தெட்டு வயசு. ஆக்சிஜன் மெஷின் ஓடினாத்தான் மூச்சு. முந்தாநாள் காலையில போயிட்டார். அண்ணன் மெஷினை நிறுத்திக் கொன்னுட்டான்னு மக புகார் கொடுத்திருக்கா. அப்பா பேசினதைப் பதிவு பண்ணியிருக்கேன், கடைசி வரைக்கும் மெஷின் ஓடுது கேளுங்கன்னு மகன் போனை நீட்டறான்."

"ஓடுதா?"

"என் காதுக்கு ஓடுது."

"போஸ்ட்மார்ட்டத்துல?"

"மூச்சுத் திணறல். அந்த வியாதிக்கு அது சகஜம்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்."

ஹெட்போனை மாட்டினாள். பதினோரு நிமிடப் பதிவு. மெஷினின் உறுமல். அதற்கு நடுவே மகனின் குரல்.

"சொல்லுங்கப்பா. வீடு யாருக்கு?"

"தண்ணி..."

"தண்ணி அப்புறம். வீடு யாருக்கு?"

"உனக்குத்தான்... தண்ணி குடுடா..."

தண்ணீர் ஊற்றும் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. ஆறாவது நிமிடத்திலிருந்து வெறும் இழுப்பு. பிறகு அதுவும் இல்லை.

உறுமல் மட்டும் கடைசி வரை இருந்தது.

காபியைத் தள்ளி வைத்தாள்.

மென்பொருளைத் திறந்தாள். ஃபாஸ்ட் ஃபூரியர் கணக்கு. சத்தத்தைப் பொடிப்பொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதி எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். துண்டு பெரிதானால் சுருதி துல்லியமாகும், நேரம் மங்கும். சிறிதானால் நேர்மாறு.

முதலில் பெரிய துண்டு. மெஷினின் உறுமல் திரையில் ஒரே கோடாய்ப் பிசகாமல் ஓடியது. மகன் தப்பித்துவிடுவான் போலிருந்தது.

துண்டைச் சின்னதாக்கினாள்.

ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு, மேலே, உயர்ந்த சுருதிகளில் மங்கலாய் ஐந்து புள்ளிகள். காதுக்கு எட்டாத அளவு மெல்லிய சத்தம். எட்டு விநாடி கழித்து அதே ஐந்து. மறுபடி எட்டு. மறுபடி...

பெருக்கிக் கேட்டாள். பல்லி.

அப்புறம் இன்னொரு வேலையும் செய்தாள். அது முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க சார்."

மூன்று மணிக்கு வந்தார்கள். அண்ணன் தங்க பிரேம் கண்ணாடியும் இஸ்திரி கலையாத சட்டையுமாய் இருந்தான். தங்கை கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உங்க வீட்டுப் பல்லி நல்ல பல்லி சார்," என்றாள் காதுக்காரி அண்ணனிடம். "எட்டு விநாடிக்கு ஒரு தடவை, மயிரிழை பிசகாம, ஒரே மாதிரி கத்துது. அஞ்சு நிமிஷமா."

"பல்லின்னா கத்தத்தான் செய்யும்."

"கத்தும். நகல் எடுத்துக் கத்தாது. நாலாவது நிமிஷத்துல யாரும் பேசாத எட்டு விநாடி உறுமலைப் பல்லியோட சேத்து எடுத்து, ஆறாவது நிமிஷத்துலேர்ந்து வரிசையா ஒட்டியிருக்கீங்க. மெஷின் நின்னுபோன இடத்தை மூடறதுக்கு."

கண்ணாடிக்குள் கண்கள் அலைந்தன.

"நான் அப்பவே சொன்னேனே சார்," தங்கையின் குரல் உயர்ந்தது. "பாவி... பெத்த அப்பனை. இவனைச் சும்மா விடாதீங்க."

"கொஞ்சம் இருங்கம்மா," என்றாள் காதுக்காரி. "அப்பாவோட இழுப்பு இயல்பாக் கேக்கணும்னு உங்க அண்ணன் பழைய சத்தத்தை அழிக்கல. மேல உறுமலைப் பூசியிருக்கார், அவ்வளவுதான். என்ன பூசினார்னு தெரிஞ்சா அதைக் கழிச்சுடலாம். கழிச்சேன்."

அண்ணன் பாய்ந்து மேஜையைப் பிடித்தான். "வேண்டாம். போடாதீங்க."

"தடுக்காதே. போடட்டும்," என்றாள் தங்கை. சொல்லி வாயை மூடுமுன் அவளுக்கே ஏதோ உறைத்தது. கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

காதுக்காரி பொத்தானை அழுத்தினாள்.

உறுமல் இல்லாத அறை. கிழவரின் இழுப்பு. பிறகு ரகசியக் குரலில் ஒரு பெண்.

"இன்னும் மூச்சு இருக்குண்ணா. ஆன் பண்ணிடாதே. திங்கக்கிழமையிலேர்ந்து என் முறை... என் வீட்ல எங்க படுக்க வைக்கிறது? இன்னும் ரெண்டு நிமிஷம் பொறு."

அப்புறம் ஒரு கொட்டாவி. அதுவும் அவளுடையதுதான்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"கூட நின்னு கொன்னுட்டு எதுக்கும்மா புகார் கொடுத்தே?"

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் வெட்கம் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. "வீடு ரெண்டு பேருக்கும்னு சொன்னான் சார். நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி தனக்கு மட்டும்னு அப்பாவைப் பேச வச்சது செத்த அப்புறம்தான் தெரிஞ்சுது. அவன் மாட்டினாலும் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டான்னு நெனச்சேன்."

"உன் குரலையும் சேர்த்துத்தாண்டி மூடினேன்," என்று அண்ணன் பல்லைக் கடித்தான். "நன்றி கெட்டவளே."

காதுக்காரி ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்போனைத் துடைத்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. அந்தக் கொட்டாவி போகவில்லை. குப்பைக்கூடையில் போட்டாள்.

வாசலில் ஜீப் கதவைத் திறந்து பிடித்தபடி இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"ஏறுங்க. அப்பாவுக்குத்தான் உங்க வீட்ல இடமில்ல. எங்ககிட்ட உங்க ரெண்டு பேருக்குமே இருக்கு... முறை வச்சு இடம் மாத்தவும் மாட்டோம்."