மூன்று பலாப்பழமும் நாலு கதவும்

மதியம் இரண்டு மணி. நெய்வேலியில் ஷிப்ட் மாறுகிற நேரம். நேரம் பார்த்து வந்து சேர்ந்தது அந்தப் பாழாய்ப்போன வேகத்தடை...

'டங்' என்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது. முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், வண்டியின் வயிறு வேகத்தடையின் முதுகில்.

அன்புக்கரசி தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று வருடச் சம்பளத்தைச் சேர்த்து, சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய நீல நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஜாண்கூடக் கிடையாது. பின்னால் சீட் என்று ஒன்று இருந்தது; அதில் பலாப்பழம் உட்காரலாம், மனிதர் உட்கார முடியாது. இப்போது பலாப்பழம்தான் உட்கார்ந்திருந்தது. டிக்கியில் இன்னும் இரண்டு.

மற்ற நாளாக இருந்தால் வண்டியைக் கோணலாக ஏற்றி, கோணலாக இறக்கித் தாண்டியிருப்பாள். பக்கத்து சீட்டில் சின்னம்மாள் அத்தையும், பண்ருட்டியில் அத்தை பேரம் பேசி வாங்கிய மூன்று பழங்களும் சேர்ந்து வண்டியைத் தரையோடு தரையாக அழுத்திவிட்டன.

"நான் அப்பவே சொன்னேன் அத்த... ஒண்ணு போதும்னு சொன்னேன்!"

"ஒண்ணு வாங்கினா அவன் வெல ஏத்திச் சொல்றான்டி. பழத்தக் கொற சொல்லிக்கினு இருக்கா பாரு! இது ஒரு காரா? உக்காந்தா ரோட்டுல உக்காந்துகினு இருக்கற மாதிரி இருக்குது."

பின்னால் ஷிப்ட் பஸ் ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொரு ஷிப்ட் பஸ். பைக்கில் வந்தவர்கள் எல்லாம் இறங்கி வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் குனிந்து கேட்டார், "இன்னாம்மா மைலேஜ் குடுக்கும் இது?"

இந்தக் கேள்வி! காரோடு ஊருக்குத் திரும்பி வந்த எட்டு மாதத்தில் இதையே நானூறு பேர் கேட்டுவிட்டார்கள். அன்புக்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சரியாக அப்போதுதான் மழையும் வந்தது... பெரிய பெரிய துளிகளாக, சூடான தாரில் பட்டு ஆவி எழுப்பிக்கொண்டு.

அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நின்ற வெள்ளை செடானிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். மைன்ஸ் யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. வந்தவன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மழையில் முழங்காலிட்டு, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.

"ஆயில் எதுவும் ஒழுவலைங்க. கீழ் தகடு மட்டும்தான் தட்டியிருக்கு." எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "டர்போ பெட்ரோல்தானே? பின்னாடி வரும்போதே சத்தத்துல கண்டுபிடிச்சிட்டேன். அழகா வெச்சிருக்கீங்க."

அன்புக்கரசி நிமிர்ந்து பார்த்தாள். நெய்வேலியில் முதல்முறையாக ஒரு மனிதன் மைலேஜைக் கேட்கவில்லை! மழைநீர் சொட்டும் இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. என்ன கண்களடா சாமி... என்று நினைத்தவள், தன்னையே அதட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"எனக்கு ஓட்டத் தெரியுங்க. இன்னிக்கு லோடு ஜாஸ்தி, அவ்ளோதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே... மொதல்ல அத்தைய எறக்கலாம். அப்புறம் பழத்த."

பழங்கள் இறங்கின. பஸ்ஸிலிருந்து ஆறு பேர் இறங்கி வந்து, 'ஏலே... தூக்கு' என்று ஒரு மூச்சில் காரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் காரை ஓரம் கட்டுவதற்குள், ஒரே குடைக்குக் கீழே அத்தையும் அவனும் ஐந்து நிமிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், குடும்ப அட்டை விவரம் வரை சொல்லிவிடுவாள்.

"பேரு நிலவனாம்டி. கன்வேயர்ல இன்ஜினீயராம்," என்றாள் அத்தை வண்டியில் ஏறியதும். ஒரு பலாப்பழத்தை அவனுக்கே கொடுத்துவிட்டிருந்தாள்.

வீட்டில் அப்பா ராமலிங்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கான்ட்ராக்டில் சேர்ந்து, பதினெட்டு வருடம் காத்திருந்து பெர்மனென்ட் ஆகி, சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டி ரிடையர் ஆனவர். அம்மா இறந்த பிறகு மகள்தான் அவருக்கு எல்லாம். டம்பரில் குலுங்கிக் குலுங்கி இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை பாண்டிச்சேரியில் ஆபரேஷன்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது. முழங்கால் இடுப்பை விட உயரப் போனால் புது மூட்டு கழன்றுவிடும். அன்புக்கரசியின் காரிலோ, நல்ல இடுப்பு உள்ளவர்களே உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். போன தடவை அப்பா ஏறியபோது, வெளியே இழுக்க எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"எனக்காவ வண்டிய விக்காதம்மா," என்றார் அப்பா. "டாக்சி வெச்சிக்கலாம். எம் பொண்ணு காருன்னு தெருவே பாக்குது. அது இருக்கட்டும்."

அவர் அப்படிச் சொன்னதற்காகவே அவள் விற்கத் துணிந்தாள். ஆனால் வேறு வண்டி கிடைக்க வேண்டுமே! ஷோரூமில் போய் நின்றால், 'லேடீஸுக்கு நல்ல ஆட்டோமேட்டிக் இருக்கு மேடம்' என்று சின்ன வண்டியைக் காட்டினார்கள். பெரியதைக் கேட்டால் டயர் வைத்த கட்டிலைக் காட்டினார்கள். நாலு கதவும் வேண்டும், அப்பாவுக்கு உயரமான சீட்டும் வேண்டும், மிதித்தால் பறக்கவும் வேண்டும் என்றாள். விற்பனைப் பையன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். குடும்பத்துக்கு ஆகிற வண்டி என்றால் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் ஓட வேண்டுமா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் டவுன்ஷிப் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம். 'செடான் விற்பனைக்கு. நாலு கதவு. டர்போ பெட்ரோல். சீட் உயரம். நெய்வேலி ஸ்பீடு பிரேக்கர் எதிலும் தட்டாது.'

கடைசி வரியைப் படித்து அவளே சிரித்துவிட்டாள். போய்ப் பார்த்தால், குவார்ட்டர்ஸ் வாசலில் அதே வெள்ளை கார்... அதே கண்கள்.

"நீங்களா?"

"நானேதாங்க. ஓட்டிப் பாருங்க... ஆனா மெதுவா மிதிங்க. பாக்கத்தான் சாது."

பார்க்கத்தான் சாது! பெரிய ரோட்டுக்கு வந்து மிதித்தாள். வண்டி அப்படியே அவளைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு பாய்ந்தது. வாயை மூட மறந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்தவன் வண்டியைப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி கியரை மாற்றினாள்.

"இவ்ளோ நல்ல வண்டிய எதுக்குங்க விக்கறீங்க?"

"எனக்கு ஷிப்ட் பஸ்ஸே போதுங்க," என்றான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஐயா ஆஸ்பத்திரியில இருந்து வரவரைக்கும் வெச்சிக்கினு ஓட்டுங்க. புடிச்சா எடுத்துக்கங்க."

அந்த வாரமே பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் வந்து நீலக் காரை வாங்கிப் போய்விட்டார். அது தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய், அப்பாவுக்கு ஆஸ்பத்திரிப் பை கட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அத்தை வாயை விட்டாள்.

"தங்கமான புள்ளைடி அது. அன்னிக்கி மழையில, அண்ணனுக்கு ஆபரேசன், இவ காருல உக்கார முடியாது, வேற வண்டி தேடிக்கினு கீறானு சும்மாதான் சொன்னேன். மூணாம் நாளே சொந்த வண்டிய வெலைக்குப் போட்டுட்டுது பாரு. சேத்தியாத்தோப்புல இருக்கற அவங்கம்மாவ வாரா வாரம் கூட்டிக்கினு போறதுகூட அதுலதானாம்."

அன்புக்கரசியின் கையில் இட்லி அப்படியே நின்றது. அப்படியா? அவனுக்கு வண்டியை விற்கிற எண்ணமே இல்லை! பாவம் பார்த்துப் பிச்சை போட்டிருக்கிறான்... பதினெட்டு வருடம் யாரிடமும் கையேந்தாமல் காத்திருந்த ராமலிங்கத்தின் மகளுக்கு!

கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. ஒன்றரை மணி நேரத்தில் நெய்வேலிக்கு வந்து, அவன் வாசலில் பிரேக் போட்டாள்.

"இந்தாங்க சாவி. உங்க எரக்கம் எங்களுக்கு வேணாம்."

"அன்புக்கரசி... நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

"ஷிப்ட் பஸ் போதும்னீங்களே, உங்கம்மா எந்த ஷிப்டுக்குப் போறாங்க? பொய் சொன்னீங்க. எங்களப் பாத்தா பாவமா இருக்கா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். அடுத்த பிளாக் வந்த பிறகுதான் உறைத்தது... அந்தக் காரையும் விற்றாயிற்று, இந்தக் காரையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. மழை வேறு பிடித்துக்கொண்டது. ரோஷமாக மூன்று கிலோமீட்டர் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள். தும்மல்தான் மிச்சம்.

போகட்டும், டாக்சி இல்லாமலா போய்விடும்? இல்லாமல்தான் போய்விட்டது! திங்கட்கிழமை பெரிய முகூர்த்தம். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது பேருக்குப் போன் போட்டாள். எல்லா வண்டியும் மாப்பிள்ளை அழைப்புக்கும் பெண் வீட்டாருக்கும் போயிருந்தது. ஒருவர் மட்டும் ஆட்டோ அனுப்பட்டுமா என்றார். புது இடுப்போடு பாண்டிச்சேரியிலிருந்து ஆட்டோவிலா? பதினோரு மணிக்குக் கட்டிலைக் காலி செய்யச் சொல்வார்கள். அப்பா வாசலில் நிற்க வேண்டியதுதானா?

போனை வெறித்துப் பார்த்தாள். ரோஷமா, அப்பாவா? கண்ணை மூடிக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினாள்.

"வண்டி வேணும்," என்றாள் மொட்டையாக. "வாடகைக்கு."

"பத்து நிமிஷத்துல வரேங்க."

நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தான். தலைமுடியில் ஹெல்மெட் அழுத்திய தடம், கண்ணெல்லாம் சிவப்பு. 'வாடகை' என்று சொன்னதற்காக அவள் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாண்டிச்சேரி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தலையணை போட்டு, அப்பாவைக் குழந்தை மாதிரி தாங்கி உட்கார வைத்தான். அப்பா ஒரு முனகல்கூட இல்லாமல் சாய்ந்துகொண்டார்.

"நாற்காலியில உக்காந்த மாதிரி கீது தம்பி. நல்லா இரு."

திரும்பும்போது சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "ராத்திரி முழுக்கத் தூங்கல. பின்னாடி போய் உக்காருங்க." சொன்னது அதட்டல்தான். குரல் மட்டும் ஏனோ சரியாக அதட்டவில்லை.

கடலூர் தாண்டியது. அப்பா கண்ணை மூடியிருந்தார். பின்சீட்டில் அத்தை குறட்டை விட்டாள். அன்புக்கரசி கண்ணாடியைப் பார்த்தாள். சிவந்த இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தூங்கலையா?"

"ஒண்ணு சொல்லிட்டுத் தூங்கறேங்க." அவன் தொண்டையைச் செருமினான். "பொய் சொன்னது தப்புதான். ஆனா அது எரக்கம் இல்லைங்க. அன்னிக்கு அந்த ஆறு பேரும் உங்க வண்டியத் தூக்கி வெச்சிட்டுப் போனப்புறம், நீங்க யாரும் பாக்கலைனு நெனச்சி பானெட்டத் தடவிக் குடுத்து, 'வலிச்சிதாடா'னு கேட்டீங்க. எனக்கு அப்பவே மனசு போச்சி. எப்படித் திரும்பப் பாக்கறதுனு தெரியல. வெலைக்குனு போட்டா வருவீங்கனு போட்டேன். முழுக்க முழுக்க சுயநலங்க... வண்டியவே குடுத்துட்டா அப்புறம் ஷிப்ட் பஸ்ஸுனு நெனச்சா வயித்தெரிச்சலாத்தான் இருந்துது. இருந்தாலும் போட்டேன்."

அவளுக்குக் கன்னமெல்லாம் சூடேறியது. நேற்றிலிருந்து தேக்கி வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். எங்கே போய்த் தொலைந்ததோ, கிடைக்கவில்லை. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் மூன்று கிலோமீட்டர் நனைந்திருக்க மாட்டாளே! எரிச்சலும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவள் வழக்கம் போல ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.

"வண்டிய எடுத்துக்கறேன்," என்றாள்.

"சரிங்க..."

"ஆனா ஆர்.சி. புக்ல பேர மாத்த வேணாம். உங்க பேர்லயே இருக்கட்டும்."

"அது எப்படிங்க... நீங்க ஓட்டுவீங்க, பேரு என்..."

"ரெண்டு பேரும் ஒரே அட்ரஸ்ல இருந்தா, யாரு பேர்ல இருந்தா என்ன?"

சொல்லிவிட்டாள்! காது மடல் வரை சிவந்து போக, ரோட்டையே பார்த்தாள். பின்சீட்டில் குறட்டை சட்டென்று நின்றது. கண்ணாடியில் அந்தக் கண்கள் அகல விரிந்து, இமைக்கவே மறந்து கிடந்தன. ஐயோ, இந்த மனுஷனை என்னதான் செய்வது...

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார், "தம்பி, சட்டுனு ஒரு பதில சொல்லிடுப்பா. அவ நூறத் தாண்டிட்டா. எனக்கு இடுப்பு புதுசு."

பின்சீட்டில் இருந்தவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சரிங்க... மாமா," என்றான் நிலவன்.