யாருக்கும் கேட்கவில்லை

ஓதல் முடிந்து அப்பத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தபோதுதான் துகிரானுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கொல்லைக் கொட்டகையிலிருந்து, தகரத் தட்டை மரக்கட்டையில் மெல்லத் தட்டும் சத்தம். பசித்தால் தங்கை சுமிரா அப்படித்தான் தட்டுவாள். அவளை அடக்கம் செய்து இன்றோடு நாற்பது நாள். கூடத்தில் ஊர் ஆண்கள் உட்கார்ந்திருப்பதே அவளுக்காக ஓதத்தான்.

அந்தி மங்கி, மலையிலிருந்து இறங்கிய பனி வாசல்வரை வந்திருந்தது. கிராம்பு சிகரெட் புகைக்கும், தேங்காய்ப்பாலில் வெந்த கோழி வாசத்துக்கும் அடியில், ஈர வைக்கோலும் மூத்திரமும் கலந்த கொட்டகை நாற்றம் மெதுவாக ஏறி அவன் தொண்டையில் வந்து நின்றது. எதிரே ஊர்த்தலைவர் தார்சோவின் கை பாதி வழியில் நின்றது. பிறகு அப்பம் வாய்க்குள் போயிற்று.

"என்ன துகிரான், பொண்ணு பார்க்க வந்தவனாட்டம் முழிக்கிற? சாப்பிடுப்பா."

இதே கூடம்தான். அம்மா இறந்த வருஷம் சுமிரா ஓடிவந்து, "அண்ணே, அம்மா கொல்லையில நெல்லு குத்துறாங்க, கேக்குதுல்ல?" என்றாள். கேட்டது. ஒவ்வோர் இரவும் உலக்கை விழுவது அவனுக்கும் கேட்டது. ஊர் கூடியது. தார்சோ ஒவ்வொருவராகக் கேட்டார். அந்த ஊரில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னால்தான் பேச்சு முடியும். அவன் முறை வந்தபோது, பெண் கொடுக்கவிருந்த மாமனார் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான்.

சுமிரா அழவில்லை. அவனையே பார்த்தாள். மறுநாள் அவளைப் பைத்தியமென்று கொட்டகையில் அடைத்து, பலாமரக் கட்டையில் இரண்டு துளை போட்டு அவள் கால்களை மாட்டினார்கள். கட்டை திறக்காதபடி வீட்டு ஆள்தான் அதில் ஆணி அடிக்க வேண்டுமென்றார்கள், அடித்தான். யாருக்கும் அது கொடுமையாகப் படவில்லை. பெருநாளைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள், போகிற வருகிறவர்கள் நலம் விசாரித்தார்கள். அவனுக்கும் பழகிப்போனது. பாவி, அதுகூடப் பழகிப்போனதே என்றுதான் இப்போது நெஞ்சு அறுத்தது.

டக். டக்.

"உங்களுக்குக் கேக்கலையா?"

"என்னது?"

"சுமிரா தட்டுறா."

தார்சோ பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "இல்லையே" என்றார் அவர். "எனக்கும் இல்ல." "எனக்கும்." வரிசையாக வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அத்தனை பேர் இமையும் ஒன்றாகத் துடித்தது.

"பொய் சொல்லாதீங்க!" துகிரான் எழுந்துவிட்டான். "அன்னிக்கு நானும் பொய்தான் சொன்னேன். அந்த உலக்கைச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. அவ பைத்தியம் இல்ல!"

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். தார்சோ, கதவோரம் குழந்தையோடு நின்ற அவன் மனைவி லஸ்த்ரியிடம் திரும்பினார்.

"உனக்குக் கேக்குதாம்மா?"

டக்.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். குழந்தையை இடுப்பில் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவனைப் பார்க்கவில்லை.

"இல்ல, பெரியப்பா."

"பாவம்" என்றார் தார்சோ. அவ்வளவு பரிவான குரல். "எங்கயாச்சும் விழுந்து அடிபட்டுறக் கூடாது பாருங்க."

கைகளை மெல்லத்தான் பிடித்தார்கள். அவன் திமிறினான். யாரும் திட்டவில்லை. ஒருவர் அவன் குல்லாவைக்கூடச் சரிசெய்தார்.

பனி. ஈர மண். கொட்டகைக் கதவு.

இருட்டு.

கணுக்கால்களில் கட்டை. துளை சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கால்களை உருவிக்கொண்டதுபோல.

"லஸ்த்ரி, வாம்மா. வீட்டு ஆள்தான் அடிக்கணும்."

சுத்தியல். ஓர் அடி. இன்னோர் அடி.

காலடிகள் விலகின. பலகை இடுக்கில் கூடத்து வெளிச்சம் தெரிந்தது. எல்லோரும் மறுபடி பாயில் அமர்ந்தார்கள். அப்பத் தட்டு சுற்றத் தொடங்கியது.

தட்டும் சத்தம் நின்றிருந்தது. பக்கத்தில் வைக்கோல் சரசரத்தது. யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"கேக்குதுல்ல, அண்ணே?"

வெளியே, உலக்கை விழத் தொடங்கியது. குளிர்ந்த விரல்கள் அவன் கையைத் தேடிப் பிடித்து, அதில் தகரத் தட்டை வைத்து, கட்டைமேல் தட்டின.

டக்.

கூடத்தில் யாரும் தலை நிமிரவில்லை.