காலிப் பெட்டியின் எடை

மதியச் சாப்பாட்டின் ஏப்பம் அடங்குவதற்குள் அந்த நீலக் கன்டெய்னர் துறைமுக எடைமேடைக்குத் திரும்பி வந்தது. காலிப் பெட்டி என்று பதிவு. மேடையோ அறுபது கிலோ அதிகம் காட்டியது.

"காலிப் பெட்டிக்கு ஏது சார் இந்த எடை?" என்றாள் உதவியாளப் பெண்.

"மிஷின் மக்கர் பண்ணுதும்மா."

தலைமை அதிகாரி இப்படிச் சொன்னதுதான் வேடிக்கை. கப்பல் சரக்குத் தரவுகளை அலசிப் போதைப்பொருளைப் பிடிப்பது எப்படி என்று மேடைதோறும் முழங்குபவர் அவர். 'தரவு பொய் சொல்லாது' என்று பொறித்த கேடயத்தைத் தினமும் தன் கையாலேயே துடைப்பார்.

போன முறை இதே பெட்டியைக் கணினி சிவப்பில் காட்டியது. டைல்ஸ் ஏற்றுமதி என்று பதிவு. அனுப்பிய கம்பெனி ஒரு டைல்ஸ்கூட வாங்கியதாகத் தரவு இல்லை. சோதிக்க உள்ளே ஏறியவன், அங்கேயே வேலை பார்த்த அவருடைய மச்சினன். ஒல்லிப்பிச்சான். கடத்தல்காரர்களின் ஆள் வெளியே பூட்டிவிட்டான்.

உள்ளேயிருந்து போன் வந்தது.

"அத்தான், உள்ள மாட்டிக்கிட்டேன். மூட்டை மூட்டையா பவுடர். கதவத் திறக்கச் சொல்லுங்க."

திறந்தால் பவுடர் வெளியே வரும். பவுடர்க்காரர்கள் அவருக்குத் தந்த காரின் கதையும் கூடவே வரும். அத்தான் சிவப்பைப் பச்சையாக்கினார். பெட்டி கப்பலேறியது. அக்கரையில் மூட்டைகளை எடுத்துக்கொண்டு, மிச்சமாய்க் கிடந்த பிணத்தைக் கடலில் தள்ளிவிட்டார்கள்.

"உன் தம்பி எவளோடயோ ஓடிட்டான்" என்று மனைவியிடம் சொல்லிக் கூடவே அழுதார். நன்றாகவே அழுதார்.

இப்போது நாலு பேர் பார்க்கிறார்கள். வீறாப்பாகப் பெட்டிக்குள் ஏறினார்.

இருட்டு. துரு வாடை. அதற்கடியில் மச்சினனின் மட்டமான சென்ட்.

யாருமில்லை.

தகரச் சுவரில் ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ சாய்ந்து எழுந்ததுபோல.

இறங்கினார். மறுபடி எடை போட்டார்கள். மிகச் சரி.

"பாத்தியா? மிஷின்தான்."

வேர்வையைத் துடைத்தபடி காரைக் கிளப்பினார். பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கத்தும் கார் அது.

கத்தியது.

இருக்கை காலி.

போன் அடித்தது. மனைவி.

"தம்பி பேசினான்ங்க. உங்க கூடத்தான் கார்ல வர்றானாமே. எங்கிட்ட என்னமோ சொல்லணுமாம்."

பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

கார் கத்துவதை நிறுத்தியது.