வெறும் தண்ணீர்

வெறும் தண்ணீர் மட்டும் இருந்த சோதனைக் குழாயில் கோடு எழுந்தது.

எழக்கூடாது. நோயாளியின் சளியில் வைரஸ் இருந்தால்தான் திரையில் கோடு மேலே ஏறும். தண்ணீரின் கோடு தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். தண்ணீருக்கே நோய் என்று சொல்லும் சோதனையை யார் நம்புவார்கள்? நேற்று தங்கையின் தண்ணீரில் கோடு எழுந்த காரணம் அக்காவான அவளுக்குத் தெரியும். தங்கை காப்பி குடிக்கப் போன நேரத்தில், முகக்கவசம்கூடப் போடாமல், நோயாளியின் சளியில் ஒரு துளியை அதில் விட்டவளே அவள்தான். ஆனால் இது அவளுடைய தண்ணீர். இதில் கை வைத்தது யார்?

இருவரும் தனித்தனியே உருவாக்கிய சோதனைகளில் ஒன்றைத்தான் இயக்குநர் இன்று தேர்ந்தெடுப்பார். இந்த ஆய்வகத்தில் வருடக்கணக்காக மாடாய் உழைத்தவள் அவள். பின்னால் வந்த தங்கையின் சோதனையோ, அக்காவுடையது கோட்டைவிட்ட நோயாளிகளையெல்லாம் பிடித்துக் கொடுத்தது. அம்மா போனில் "சின்னவ கெட்டிக்காரி" என்றபோது அவளுக்கு வயிறு எரிந்தது. மாத்திரை போட்டும் அடங்கவில்லை. நல்லவேளை, நேற்றைய கோளாறில் இயக்குநருக்குத் தங்கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. இன்று இவளுடைய தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதும்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உன்னோடது எப்படிப் போகுது?"

"நல்லாத்தான் போகுது. உன் வேலையைப் பாரு."

கையுறையை மாற்றினாள். புதுத் தண்ணீர் எடுத்தாள். மேசையைத் துடைத்த பிளீச்சிங் நெடி தொண்டைவரை இறங்கிக் காந்தியது. இயந்திரத்தை மறுபடி ஓட்டினாள். கோடு எழுந்தது. மூன்றாம் முறை அந்த இடத்தில் குழாயே வைக்காமல் இயந்திரத்தின் மூடியை மூடினாள்.

ஒன்றுமில்லாத இடத்திலிருந்தும் கோடு ஏறியது. கொஞ்சம் ஏறி, நின்று, மறுபடி ஏறியது. அவள் பெருமூச்சு விட்டாள். கோடு துள்ளியது.

மூச்சை இழுத்தாள். நின்றது. விட்டாள். ஏறியது.

மூச்சை அடக்கினாள். கோடு மெல்ல இறங்கித் தரையில் படுத்தது.

அப்போதுதான் இயக்குநர் உள்ளே வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். "தண்ணி சுத்தமா இருக்கே. ஓடி முடியட்டும்." அங்கே குழாயே இல்லையென்று அவள் சொல்லவில்லை. சொல்ல மூச்சு வேண்டும்.

காது இரைந்தது. நெஞ்சு முட்டியது. கண் இருட்டியது. விட மாட்டேன். சின்னவளுக்கா விட்டுக்கொடுப்பது?

பிறகு முட்டுவது நின்றது. காற்றே வேண்டியிருக்கவில்லை.

இயந்திரம் ஓய்ந்தது. "அப்ப உங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் போனார்.

தங்கை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "எனக்கு வருத்தமே இல்லக்கா. நீதானே ஜெயிச்சே." அவள் கன்னம் அக்காவின் மார்பில் பதிந்தது. சிரிப்பு நின்றது. காதை அழுத்தி வைத்துக் கேட்டாள்.

"அக்கா... மூச்சு விடுக்கா."

இனி விடலாம். உதடு திறக்கவில்லை. தங்கை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், அலறினாள், பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா நின்ற இடத்திலேயே கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோடு அசையாமல் கிடந்தது. எவ்வளவு சுத்தம்.