அரைச்சுற்று தளர்ந்த மூடி

"நிறுத்துங்க... நிறுத்துங்க! எந்தத் தண்ணிய ஊத்துறீங்க?"

உப்பளத்து வரப்பில் ஒருவன் கத்திக்கொண்டே ஓடி வந்தான். வைஜெயந்தி நிமிர்வதற்குள் பாதிக் குடம் ரேடியேட்டருக்குள் போய்விட்டது.

"வாய்க்கால் தண்ணிதான். வண்டி சூடாயிடுச்சி."

"பாத்திக்குப் போற உப்புத் தண்ணிங்க அது. இன்ஜினுக்குள்ள உப்பு விளைய வெக்கப் போறீங்களா?"

"தெளிவா இருந்துச்சே..."

"தெளிவாத்தான் இருக்கும்."

அவள் கிளியனூர்க்காரி. அவள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் நெல்லுக்குப் போகும். அப்பா தெய்வசிகாமணிக்கு முதுகு பிசகியதிலிருந்து லோடு வேன் அவள் கைக்கு வந்திருந்தது. மரக்காணத்தில் உப்பை ஏற்றி திண்டிவனத்தில் இறக்க வேண்டும். உப்பளத்துக்கு வந்து அது மூன்றாவது நாள்தான்.

ஓடி வந்தவன் வெற்றிச்செல்வன். வாய்க்காலிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் பம்புகளைப் பார்த்துக்கொள்பவன். உப்பு வெளிச்சத்தில் சுருங்கியே பழகிய கண்கள். அழகென்று சொல்ல முடியாது. ஆனாலும் அவள் பார்வையை எடுக்க ஒரு கணம் கூடுதலாக ஆனது.

அவன் உப்புத் தண்ணீரை வெளியேற்றி, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரால் மூன்று முறை அலசினான். பிறகு ரேடியேட்டரின் மேல் டேங்க்கைத் தடவினான். கறுப்புப் பிளாஸ்டிக். தலைமுடி கிடப்பதுபோல ஒரு விரிசல்.

"இரும்புன்னா பத்த வெச்சிடலாம். பிளாஸ்டிக் சூடாயி சூடாயி அப்பளம் மாதிரி ஆயிடுதுங்க."

"ஒட்ட முடியாதா?"

"ஒட்டலாம்... நம்ப முடியாது."

ஆறிக் காயாமல் பசை பிடிக்காது. அரை மணி நேரம் இருவரும் வேனின் நிழலில் நின்றார்கள். பிறகு அவன் விரிசலைச் சுரண்டி, சொட்டுச் சொட்டாகப் பசை விட்டு, மேலே வெள்ளைத் தூளைத் தூவினான். பசை கல்லாய் இறுகியது.

"இன்னா அது?"

"சோடா உப்பு."

"இவ்ளோ உப்ப குவிச்சி வெச்சிக்கினு கடையில போய் உப்பு வாங்குறீங்களா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபோது கண்கள் இன்னும் சுருங்கின.

"மூடிய முழுசா இறுக்காதீங்க. அரைச்சுத்து லூசா விடுங்க. உள்ள அழுத்தம் ஏறுனா ஒட்டு பிச்சிக்கும். நாப்பதுக்கு மேல ஓட்டாதீங்க. இது வீடு போய்ச் சேரத்தான். புது டேங்க்குக்கு பாண்டியில சொல்லி வெக்கிறேன்."

நான்கு நாள் கழித்து ஒட்டு கசிந்தது. அவனுடைய பம்பு ஷெட்டுக்கு வந்தாள்.

"டேங்க் வந்துச்சா?"

"இன்னும் வரல..."

மறுபடி பசை, மறுபடி அரை மணி நேரம். அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு முறை வந்தாள். டேங்க் வரவில்லை என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

உப்பு வாரும் பொன்னம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏம்பா வெற்றி, ஊருப்பட்ட மோட்டார ஓட வெக்கிற. இந்தப் பொண்ணு வண்டி மட்டும் சரியாவே ஆவாதா?"

அன்று கோடை மழை வந்தது. மழையை ரசிப்பது உப்பளத்தில் நடக்காது. எல்லாரும் தார்ப்பாயோடு குவியல்களுக்கு ஓடினார்கள். அவளும் ஒரு முனையை இழுத்தாள். மறுமுனையில் அவன். நனைந்த இமைகளோடு அவள் நிமிர்ந்தபோது அவன் பாயைக் கட்ட மறந்து நின்றான்...

"உப்பு கரையுதுங்க," என்றாள்.

இரண்டு நாளில் அவள் பஸ்ஸில் வந்தாள். இடது முன்கையில் கட்டு.

"இன்னாச்சிங்க?"

"மூடி லூசா இருக்குதுன்னு அப்பா நல்லதுக்குத்தான் இறுக்கிட்டாரு. அவருகிட்ட சொல்ல மறந்துட்டேன். வழியில சூடு ஏறிச்சி. பானட்டத் தூக்குனேன், ஒட்டு பிச்சிக்கினு அடிச்சிடுச்சி. மூஞ்சத் திருப்பிட்டேன்... கையோட போச்சி."

அவன் பம்பு ஷெட்டுக்குள் போனான். ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். புது டேங்க்.

"பதினாறு நாளா இங்கதான் இருக்குது."

அவளுக்கு உடனே புரியவில்லை.

"இத மாட்டிட்டா நீங்க இந்த ஷெட்டு பக்கம் வர மாட்டீங்கன்னு... உங்கள எனக்குப் புடிச்சிருந்துச்சி."

"புடிச்சிருந்தா மொதல்ல இத மாட்டியிருப்பீங்க!" அவள் கட்டுப் போட்ட கையை நீட்டினாள். "என் கண்ணு போயிருக்கும்."

"ஆமா."

"ஆமாவா?"

"வேற இன்னா சொல்றது. இறுக்குனது உங்க அப்பா. நிக்காதுன்னு தெரிஞ்சே ஒட்டி அனுப்புனது நான்."

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்க ஊர்லயும் மெக்கானிக் இருக்காரு."

அவன் தடுக்கவில்லை. மறுநாள், பம்பு இன்ஜினில் தான் ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி எறிந்தான். புதிது போட்டான். அதன் பிறகு எதையும் ஒட்டவில்லை.

புது டேங்க்கோடு வேன் ஒழுங்காக ஓடியது. வைஜெயந்தி வேறோர் உப்பளத்தில் லோடு ஏற்றினாள். கோபம் குறையவில்லை. ஆனால் திண்டிவனத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தைக் கடக்கும்போது அது தடுமாறியது. மூன்றாவது வாரம், அந்த இடத்தைக் கடந்த கையோடு வேனைத் திருப்பினாள்.

அவன் பம்பை நிறுத்திவிட்டு வந்தான். கண்கள் முதலில் அவள் கையைத் தேடின. கட்டு இல்லை. இளஞ்சிவப்பாய் ஒரு தழும்பு.

"வண்டிக்கு... இன்னாச்சி?"

"ஒண்ணும் ஆவல. நல்லா ஓடுது."

"அப்புறம்?"

அவள் தரையைப் பார்த்தாள். "திண்டிவனத்துல உப்பு எறக்குற எடத்துக்கு எதுத்தாப்புல நாலு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்குது. டேங்க் வரலன்னு நீங்க சொன்னப்பல்லாம் அத பாத்துக்கினேதான் போனேன். ஒருதடவ கூட எறங்கிக் கேக்கல."

அவன் ஓரடி கிட்ட வந்தான்.

"உங்க மேல இன்னும் கோவம் இருக்குது. ஆனா பொய் சொன்னது நீங்க மட்டும் இல்ல. எனக்கும் புடிச்சிருந்துச்சி... இருக்குது." நிமிர்ந்தாள். "இனிமே வண்டி நல்லா இருக்கும்போதுதான் வருவேன். சம்மதமா?"

அவன் தலையை ஆட்டிவிட்டு, பழக்கத்தில் பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடிப் பக்கம் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சூடா இருக்குது. தொடாதீங்க. முழுசாத்தான் இறுக்கியிருக்கேன்."

ஆறும்வரை அரை மணி நேரம் ஆகும். அவள் பிடியை விடவில்லை.