மூன்றாவது ஃபேன்

கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. ஆனாலும் அதன் ஃபேன் இரைந்தது, தணிந்தது, மறுபடி இரைந்தது.

நவநீதன் காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்து தூசி ஊதினான். லினக்ஸ் மென்பொருளை ஒருமுறை அப்டேட் செய்தான். சூடும் இல்லை, சுமையும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மகள் சுபஸ்ரீ அவனோடு இருப்பாள். கோர்ட் போட்ட பிச்சை. காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளைக் கொண்டுவந்து விட்ட அவள் அம்மா பிரேமலதா அவன் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள்.

“விளக்கு வைக்கறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடுங்க. புள்ளைக்கு ஒரு சின்னக் காயம்னாலும் இதுதான் கடைசி ஞாயித்துக்கிழமை.”

அந்த ஞாயிற்றைத்தான் ஃபேனுக்குத் தாரைவார்த்துக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் தன் சொல்பேச்சு கேட்பது இந்தப் பெட்டி ஒன்றுதான், அதுவும் முறைத்துக்கொண்டால் எப்படி என்று எரிச்சல் முந்திக்கொண்டது.

“அப்பா, முக்கொம்பு போலாம்னீங்கல்ல?”

“அஞ்சு நிமிஷம்டா கண்ணு.”

“காலைலேர்ந்து இதையேதான் சொல்றீங்க.”

அவள் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். வெயிலுக்குப் பயந்து சாத்திய ஜன்னல்களுக்குள் திருவரங்கத்து மாடி வீடு புழுங்கிக்கொண்டிருக்க, திறந்த பெட்டியிலிருந்து சுட்ட தூசியின் வாடை எழும்ப, மொசைக் தரையில் கயிறு பட்டுப் பட்டு எழும் சத்தம் சுவர் வழியாக அவன் மேசைவரை வந்தது. ஃபேன் வேகமெடுத்தது. கயிறு நின்றது. அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம். ஃபேன் மெல்லத் தணிந்தது.

தரை அதிர்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் திரையில், வேகம் காட்டும் பட்டியலில், மூன்று ஃபேன்கள் தெரிந்தன. பெட்டிக்குள் இருந்ததோ இரண்டு. விரலை வைத்து எண்ணினான். இரண்டுதான்.

மூன்றாவது எது? கண்டுபிடிக்க ஒரு நிரல் இருந்தது. ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திப் பார்த்துச் சொல்லும். நிறுத்திய ஃபேன் மறுபடி சுற்றாமலும் போகலாம் என்று முதலிலேயே எச்சரித்தது. எச்சரிக்கையை மதிக்கத் தெரிந்திருந்தால் அவன் இன்று தனிக்கட்டையாக இருந்திருக்க மாட்டான். என்டரைத் தட்டினான்.

முதல் ஃபேன் நின்றது. சுற்றியது. இரண்டாவதும் அப்படியே. ஹாலில் சுபஸ்ரீ மறுபடி குதிக்கத் தொடங்கியிருந்தாள். மூன்றாவதன் வேக எண் ஏறிக்கொண்டே போனது. பிறகு இறங்கியது.

பூஜ்யம்.

கயிற்றின் சத்தம் இல்லை.

“சுபா?”

எழுந்து ஓடினான்.

நின்றுகொண்டிருந்தாள். கண்கள் திறந்திருந்தன. ‘அப்பா’ என்று கூப்பிட வாயெடுத்த மாதிரி உதடுகள். கையிலிருந்த கயிறு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மூக்கின் அருகே விரலை வைத்தான். காற்று இல்லை. நெஞ்சில் காதை வைத்தான். ஒன்றும் இல்லை. கன்னம் சூடாக இருந்தது. நெற்றியில் வழிந்த வியர்வைகூட உலரவில்லை.

அறைக்கு ஓடி வந்தான். மூன்றாவது ஃபேனுக்கு முழு வேகம் கொடுத்தான். பூஜ்யம். மறுபடி கொடுத்தான். பூஜ்யம். எழுத்துகள் தப்பின. மறுபடி. பூஜ்யம்.

திரையில் சோதனையின் கேள்வி பதிலுக்காகக் காத்திருந்தது.

‘இந்த ஃபேன் நின்றதைப் பார்த்தீர்களா, அல்லது கேட்டீர்களா?’

ஹாலில் சுபஸ்ரீ விழாமல் நின்றுகொண்டிருந்தாள்.